கோட்டக்குப்பம் தாண்டினால் வேறு மாநிலம்

கடலூரில் துணிக்கடை வைத்திருப்பவர் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றுக்கொண்டிருக்கும் வரை, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வியாபாரம் வரை ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் ஓட்டலாம். புதுச்சேரி நேரு வீதியில் அதே துணியை விற்பவருக்கு வரம்பு 20 லட்சம். இரண்டு ஊருக்கும் நடுவே பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாட்டுக்கே ஒரே வரி என்று வந்த சட்டம்தான், ஆனாலும் வரம்பு பாதியாகிவிடுகிறது. 2019 ஜனவரியில் ஜிஎஸ்டி மன்றம் சரக்கு விற்பவர்களுக்கான வரம்பை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்தியபோது, விருப்பமில்லாத மாநிலங்கள் பழைய வரம்பிலேயே இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. அப்படிப் பழைய வரம்பிலேயே இருந்துவிட்டவற்றில் புதுச்சேரியும் ஒன்று.

சிறுதொழிலுக்கான அரசுக் கொள்கை என்றதும் பட்ஜெட் உரையும் மானிய அறிவிப்பும் ரிப்பன் வெட்டும் நினைவுக்கு வருகின்றன. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதோ, பெரும்பாலும் ஒரு அறிவிக்கையின் அடியில் பொடி எழுத்தில் வரும் இப்படியொரு மாநிலப் பட்டியல்தான். புதுச்சேரி இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம். இங்கே தொழில் ஆதரவு என்பது நெடுங்காலம் எல்லைக்கோட்டை வைத்துச் செய்த காரியம். கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி குறைவு, அந்தப் பக்கம் அதிகம், நடுவில் லாபம். அந்த லாபம் இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஏற்பாடுகள் சின்னவை, விளம்பரம் இல்லாதவை. அவற்றை யார் முடிவு செய்கிறார்கள், எப்படி வேலை செய்கின்றன, எங்கே இடறுகின்றன என்று தெரிந்துவைத்துக்கொள்வது தொழில் தொடங்குகிறவருக்கு நல்லது.

எல்லையின் கதை பழையது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தின் பெரிய ஏற்றுமதி ‘கினே’ எனப்பட்ட நீலத்துணி. அவுரிச் சாயம் தோய்த்த அந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போய், அங்கே பிசின் வாங்கும் வியாபாரத்தில் காசுபோலவே கைமாறியது. 1820களின் இறுதியில், ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில், பிரெஞ்சு அரசின் ஆதரவோடு இங்கே நூற்பாலை எழுந்தது. ஊர் பிற்பாடு அதைச் சவானா மில் என்று அழைத்தது. செனகலில் வேற்று நாட்டுத் துணிக்குக் கூடுதல் சுங்கம் போட்டுப் புதுவைத் துணிக்கு வழிவிட்டதும் அதே நூற்றாண்டில் நடந்ததுதான். ஆலையை இங்கே வைத்து, சந்தையை வேறொரு கண்டத்தில் சட்டம் போட்டுக் காப்பாற்றிக் கொடுத்த ஏற்பாடு அது.

1941இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றிய ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949இல் அது முறிந்ததும் புதுவை மறுபடியும் வரியில்லாத் துறைமுகமானது. கைக்கடிகாரமும் தங்கமும் கப்பலில் வந்து இறங்கின. இந்த ஊர் மக்கள்தொகைக்கு அவ்வளவு கடிகாரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லைக்கு அப்பால் போய்ச் சேர்ந்தன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. சுங்க எல்லை மறைந்தாலும் விற்பனை வரி எல்லை அப்படியே இருந்தது.

அந்த வித்தியாசத்தின்மேல்தான் பிந்தைய தொழில் வளர்ச்சி நின்றது. 1993இலிருந்து சில ஆண்டுகள், வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் தொழிலில் பின்தங்கிய பகுதிகளின் வரிசையில் புதுச்சேரி இருந்தது. இங்கே புதிதாக உற்பத்தி தொடங்கினால் முதல் 5 ஆண்டுகளுக்கு அந்த லாபத்துக்கு வருமான வரி முழுவதும் விலக்கு. விற்பனை வரிச் சலுகை அதற்கு மேல். பாகங்களைப் பூட்டிக் கணினி தயாரித்த எச்சிஎல், ஏசர், லெனோவா ஆகியவை இந்தச் சின்ன ஊரில் வந்து கூடியதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. திருபுவனையில் வேர்ல்பூல் சலவை இயந்திரம் செய்தது. சாலை வரியும் குறைவு என்பதால், புதுச்சேரியைக் கண்ணாலும் பார்த்திராத சொகுசு கார்கள் பிஒய் பதிவு எண்ணோடு கொச்சியிலும் சென்னையிலும் ஓடின. அது வழக்கு வரை போனது தனிக்கதை.

வரிச் சலுகை வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. வேலை செய்தது. ஆனால் அந்தச் சலுகையைக் கொடுத்ததும் எடுத்ததும் பெருமளவு டெல்லி. காலம் முடிந்ததும் வருமான வரி விலக்கு போனது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் விற்பனை வரி வித்தியாசமும் போனது. வந்த நிறுவனங்களில் சில தொடர்ந்து இயங்குகின்றன, சில சுருங்கின. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹைடிசைனை வைத்துப் பார்க்கலாம். 1978இல் இரண்டு பேர் வேலை செய்த தோல் பட்டறையாகத் தொடங்கி, வெளிநாட்டுக் கடைகளில் இடம் பிடித்து, இன்றும் புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்திருக்கிறது. அதை இங்கே நிறுத்தியிருப்பது வரி அட்டவணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லை லாபத்தில் இப்போது எஞ்சியிருப்பது ஜிஎஸ்டிக்கு வெளியே உள்ள பெட்ரோலும் மதுவும். இரண்டும் பக்கத்து மாவட்டங்களைவிட இங்கே மலிவு. எல்லையோரப் பெட்ரோல் பங்குகளையும் மதுக்கடைகளையும் பார்த்தாலே தெரியும். கலால் வருமானம் அரசுக்குத் தேவைதான், ஆனால் பட்டறை வைக்க நினைக்கும் இளைஞருக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, கொள்கையை வகுப்பது யார்? புதுச்சேரிக்குச் சட்டப்பேரவை உண்டு, முதலமைச்சர் உண்டு, தொழில் துறை உண்டு. 2016இல் ஒரு தொழில் கொள்கையும் 2019இல் ஒரு ஸ்டார்ட்அப் கொள்கையும் வந்தன. கோப்பு நகரும் விதம் இப்படி: தொழில் துறை வரைவு போடும், நிதித் துறை பணம் எங்கே என்று கேட்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், துணைநிலை ஆளுநரிடம் போகும். அமைச்சரவையும் ஆளுநரும் ஒத்துப்போகாத ஆண்டுகளில் கோப்புகள் எங்கே தேங்கின என்பதை 2016க்கும் 2021க்கும் இடைப்பட்ட செய்தித்தாள்கள் நிறையவே எழுதியிருக்கின்றன.

பணம் இன்னொரு முடிச்சு. மத்திய வரியில் மாநிலங்களுக்கு நிதி ஆணையம் பிரித்துக் கொடுக்கும் பங்கு, யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்குக் கிடையாது. உள்துறை அமைச்சகத்தின் வழியாக வரும் உதவித்தொகை, சொந்த வரி, கடன் இவற்றுக்குள்தான் ஓட வேண்டும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி கொடுத்த பிறகு மீதமுள்ளதில்தான் முதலீட்டு மானியம். கொள்கைப் புத்தகத்தில் மானியம் இருப்பதும் அந்த ஆண்டு பட்ஜெட்டில் அதற்குக் காசு இருப்பதும் வேறு வேறு. மானியத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர் இந்த இரண்டாவதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வங்கி முழுக்க ஒன்றிய அரசின் அதிகாரம். கடன் விதிகளை ரிசர்வ் வங்கி எழுதுகிறது. இங்கே வங்கிகளையும் அரசையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் வங்கியாளர் குழுவை இந்தியன் வங்கி கூட்டுகிறது. ஜிஎஸ்டி விகிதம் மன்றத்தின் கையில். அங்கே எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஒன்றிய அரசு மறுத்தால் எதுவும் நிறைவேறாது என்பது கணக்கிலேயே இருக்கிறது. பேரவை உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. ஆக, உள்ளூர் அரசின் கையில் நேரடியாக இருப்பவை மனை, அனுமதி, கொஞ்சம் மானியம், கொஞ்சம் மின்கட்டணச் சலுகை.

ஜிஎஸ்டியின் இன்னொரு விதி, எல்லையோர ஊருக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் ‘காம்போசிஷன்’ என்ற எளிய முறையில் சேரலாம். விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டால் பில்லுக்குப் பில் கணக்கு ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை: வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. மதுரையில் இருப்பவருக்கு இது பெரிய கட்டுப்பாடு இல்லை, சுற்றிலும் வெகு தூரத்துக்குத் தமிழ்நாடுதான். முத்தியால்பேட்டைக்காரருக்கோ தெருமுனை தாண்டினால் கோட்டக்குப்பம், அதாவது விழுப்புரம் மாவட்டம். வாடிக்கையாளர் கடைக்கு வந்து காசு கொடுத்துக் கையோடு வாங்கிப் போனால் சிக்கலில்லை. கடைக்காரரே வண்டியில் கோட்டக்குப்பத்துக்கு அனுப்பிக் கொடுத்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. பதிவே இல்லாத சின்ன வியாபாரிக்கும் இதே கதி: வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் வரம்பு ஏதும் பார்க்காமல் பதிவு கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து பதிவில்லாதவர்களும் இணைய வணிகத் தளங்களில் சரக்கு விற்கலாம் என்றார்கள், அதிலும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். புதுச்சேரிக்காரருக்கு ‘சொந்த மாநிலம்’ என்பது 490 சதுர கிலோமீட்டர். அதிலும் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று தூரத்தில் கிடக்கும் துண்டுகள் அடக்கம். எனக்குத் தெரிந்து இந்த ஊரின் சிறு வியாபாரத்தை இவ்வளவு இறுக்கும் இன்னொரு விதி இல்லை. இதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களோ குறைவு.

கைவினைப் பொருட்களுக்கு மட்டும் இதில் விலக்கு இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ள கைவினைப் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றாலும், 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். பட்டியலில் சுடுமண் பொருட்களும் காகிதக்கூழ்ப் பொருட்களும் இருக்கின்றன. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புவிசார் குறியீடு என்பது அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை. அது தானாக ஆர்டர் கொண்டுவராது. மண்பாண்டம், பொம்மை உள்ளிட்ட 18 கைத்தொழில்களுக்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் கருவி வாங்க 15,000 ரூபாயும், முதலில் 1 லட்சமும் அதைக் கட்டி முடித்த பிறகு 2 லட்சமும் 5 சதவீத வட்டியில் கடனும் உண்டு. களிமண் எடுக்க ஏரி அனுமதி வாங்குவது அதில் சேராது. குயவரைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்.

மனைக்கு வருவோம். இந்தியாவில் தொழிற்பேட்டை என்ற யோசனை 1955இல் ராஜ்கோட்டில் தொடங்கி, 1958இல் கிண்டிக்கு வந்தது. சின்ன முதலாளியால் நிலம் வாங்கி, மின்சாரம் இழுத்து, சாலை போட்டு, பிறகு இயந்திரம் வாங்க முடியாது. அரசே அந்த முதல் செலவைச் செய்துவைத்து, மனையைக் குத்தகைக்கு விடும். புதுச்சேரியில் இந்த வேலையைச் செய்வது 1974இல் உருவான அரசுத் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் என்று பேட்டைகள் வளர்ந்தன. தட்டாஞ்சாவடியில்தான் மாவட்டத் தொழில் மையமும் இருக்கிறது. நாடு முழுக்க 1978இல் தொடங்கிய அமைப்பு இது. தொழில் தொடங்குகிறவர் முதலில் ஏற வேண்டிய படி.

பேட்டை ஏன் இங்கே இவ்வளவு முக்கியம் என்றால், நிலம் அவ்வளவு குறைவு. கிழக்கே கடல், மற்ற திசைகளில் கொஞ்ச தூரம் போனதும் தமிழ்நாடு, பிறகு மறுபடியும் புதுச்சேரித் துண்டு. அப்படியிருந்தும் சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்த 700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், மண்டலமும் வராமல் வேறு பயனும் இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்தது. ஒரு பெரிய நிறுவனம் வரும் என்று காத்திருந்த நேரத்தில் அதை அரை ஏக்கர் மனைகளாகப் பிரித்திருந்தால் எத்தனை பட்டறைகள் வந்திருக்கும் என்ற கேள்வியை உள்ளூர்த் தொழில்முனைவோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசைக்கு இன்னொரு உதாரணம் ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஏஎஃப்டி ஆலை. 1898இல் தொடங்கிய அதை 1986இல் அரசு ஏற்றது, 2011 இறுதியில் தானே புயல் அதன் கூரைகளைப் பிய்த்தது, 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அரசு ஏற்றது தொழிலாளரைக் காப்பாற்ற எடுத்த முடிவு என்பதால் அதை எளிதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தறியை நவீனமாக்கப் பணம் போடாமல் நஷ்டத்தை மட்டும் ஆண்டுதோறும் நிரப்பினால் எந்த ஆலையும் அப்படித்தான் முடியும்.

இனி கடன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதலியார்பேட்டையில் ஒரு பெண் 10 லட்சம் ரூபாயில் பேக்கரி அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமும் வைத்துத் தயாரிப்புத் தொழில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 2022இல் திருத்திய விதிப்படி, உற்பத்திக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் செலவு காட்டலாம். பெண் என்பதால் சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 50,000. மீதி 9.5 லட்சத்தை வங்கி கொடுக்கும். நகரப் பகுதி என்பதால் மானியம் 25 சதவீதம், 2.5 லட்சம். இதே தொழிலை கொம்யூன் பஞ்சாயத்துக்கு உட்பட்ட ஒரு கிராமத்தில் வைத்தால் மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். பொதுப் பிரிவு ஆண் என்றால் நகரில் 15, கிராமத்தில் 25. சொந்தப் பணம் 10 சதவீதம்.

இந்த 2.5 லட்சம் அவர் கைக்கு வராது. பலர் ஏமாற்றம் அடைவது இங்கேதான். மானியத் தொகை வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டி இல்லை. அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டுகள் தொழில் உண்மையாகவே நடந்ததா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். மானியத்துக்காகவே கடன் வாங்கி இயந்திரத்தை விற்றுவிடும் பழைய தந்திரத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. நிலம் வாங்கும் செலவைத் திட்டச் செலவில் காட்ட முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். நிலம்தான் விலை உயர்ந்தது என்னும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. வாடகையை மூன்று ஆண்டுகள் வரை சேர்க்கலாம்.

அடமானம்? 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே வங்கிகளைக் கட்டாயப்படுத்திவிட்டது. அதற்கு மேற்பட்ட கடனுக்கு 2000இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கியின் நஷ்டத்தில் பெரும்பகுதியை அது ஏற்கும். உத்தரவாத உச்சவரம்பை 2023இல் 5 கோடியாகவும் 2025 ஏப்ரலில் 10 கோடியாகவும் உயர்த்தினார்கள். உத்தரவாதம் வங்கிக்குத்தான், கடனாளிக்கு இல்லை. நிதியம் பணம் கொடுத்த பிறகும் வங்கி கடனாளியைத் துரத்தும். ‘அரசு உத்தரவாதம் இருக்கிறது, கட்டாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லும் தரகரிடம் இருந்து விலகிக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சின்ன வியாபாரம் தெருவில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கடைகள் மூடியிருக்க, அவற்றின் முன்னே சண்டே மார்க்கெட் விரிகிறது. சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் அங்கே உண்டு. 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. அப்புறப்படுத்துவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வியாபார இடங்களை முடிவு செய்யும் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். 2020 ஜூனில் ஊரடங்கின்போது தொடங்கிய ஸ்வநிதி கடன் முதலில் 10,000, பிறகு 20,000, பிறகு 50,000 என்று படிப்படியாக ஏறியது. 2025இல் முதல் இரண்டு படிகளை 15,000, 25,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் திரும்ப வரும்.

தெருவோர வியாபாரிகள் சட்டம் நகராட்சியை நம்பி எழுதப்பட்டது. புதுச்சேரியிலோ 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகும் பல்லாண்டுகள் தேர்தல் இல்லாமல் அதிகாரிகளின் நிர்வாகமே தொடர்ந்தது. வியாபார உரிமம், குப்பை வரி, கடைக்கு முன்னால் கொட்டிய மண் எதுவானாலும் போய்க் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. கூபேர் மார்க்கெட்டை இடித்துக் கட்டுவது என்ற ஸ்மார்ட் சிட்டி திட்டம் வியாபாரிகளின் எதிர்ப்பில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதற்கு அவர்களின் பிடிவாதத்தைக் குறை சொல்வார்கள். இடைக்காலத்தில் எங்கே போவது, திரும்பி வரும்போது அதே இடம் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு நம்பக்கூடிய பதில் சொல்ல ஒரு நகர மன்றம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

கடைசியாக, எல்லாத் திட்டங்களையும்விட அதிகம் பேரைத் தொடக்கூடியது: செய்த வேலைக்குப் பணம் வருவது. மேட்டுப்பாளையம் பேட்டையில் உதிரிபாகம் செய்கிறவர் கடன் கிடைக்காமல் மூடுவதைவிட, பெரிய நிறுவனம் பில்லை ஆறு மாதம் கிடப்பில் போட்டதால் மூட நேர்வதே அதிகம் என்று எந்தப் பட்டறைக்காரரும் சொல்வார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இணையத்தில் மனுப் போட்டால் அது இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்துச் சரக்கு வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால், முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். காகிதத்தில் இதைவிடக் கடுமையான சட்டம் குறைவு.

ஆனால் மனுவைப் போட வேண்டியவர் சிறு உற்பத்தியாளர், எதிர் மனுதாரர் அவருடைய ஒரே வாடிக்கையாளர். அடுத்த ஆர்டர் வேண்டும் என்கிறவர் வழக்குப் போட மாட்டார். பிரான்சில் 2008இல் பொருளாதார நவீனமாக்கல் சட்டம் 60 நாள் வரம்பு வைத்தது. தாமதிக்கும் நிறுவனத்தை அரசின் நுகர்வோர், போட்டித் துறை தானே சோதித்து அபராதம் போடுகிறது, 2016 முதல் உச்சம் 20 லட்சம் யூரோ. புகார் கொடுப்பவர் பெயரே வெளியே வர வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து புதுச்சேரி வாங்கிக்கொள்ளக் கூடியவற்றில் மஞ்சள் சுவருக்கு அடுத்தபடியாக நான் இதைத்தான் வைப்பேன்.

இந்தியா வேறு வழியில் சுற்றி வந்திருக்கிறது. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளில் பணம் கொடுக்காவிட்டால் சரக்கு வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். யாரும் யார்மீதும் வழக்குப் போட வேண்டாம், ஆடிட்டரே கேட்பார். இதில் இரண்டு ஓட்டைகள். உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. 2021இல் வியாபாரிகளையும் ‘உத்யம்’ என்னும் சிறுதொழில் பதிவில் சேர்த்தார்கள், ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். நேரு வீதி மொத்த வியாபாரி 45 நாள் விதியைக் காட்ட முடியாது. மற்றது, பதிவில்லாதவரிடமோ நடுத்தர நிறுவனத்திடமோ வாங்கிக்கொண்டால் விதி பொருந்தாது என்று சில பெரிய நிறுவனங்கள் கொள்முதலை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதாக 2024 தொடக்கத்தில் ஜவுளித் துறையில் புகார் எழுந்தது.

2025 ஏப்ரல் முதல் குறுந்தொழில் என்பதன் வரம்பு, முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரை. சிறுதொழிலுக்கு 25 கோடி, 100 கோடி வரை. ஆகவே பேட்டைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். இடைத்தரகருக்குப் பணம் கொடுத்து எடுத்தவர்கள் வீணாகக் கொடுத்திருக்கிறார்கள். பதிவு கிடைத்ததும் அந்த எண்ணைப் பில் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள், பட்டறை உற்பத்திப் பிரிவில் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் அந்த எண் உள்ள பில்களைத்தான் சரக்கு வாங்கியவரின் கணக்குப் பிரிவு முதலில் தேடி எடுக்கும்.